மூன்று மிஷின், இரண்டு கடை

என் மச்சான் ராஜவேலுக்கு முப்பத்து மூன்று வயது வரை யாரும் பெண் கொடுக்கவில்லை. ஆள் பார்க்க நன்றாகத்தான் இருப்பான். குடி, சீட்டு எதுவும் கிடையாது. ஆனால் மாப்பிள்ளை என்ன பண்றார் என்று கேட்டால், நாங்கள் நாகரிகமாக ஏதாவது சொல்வதற்குள் அவனே முந்திக்கொள்வான். "கேம் கடை வச்சிருக்கேன்." பெண்ணின் அப்பா உடனே கடிகாரத்தைப் பார்ப்பார். இரண்டு நாள் கழித்து ஜாதகம் பொருந்தவில்லை என்று தகவல் வரும்.

ராஜவேல் என் மனைவி இசைவாணியின் தம்பி. முதுநகரில் எங்களோடு ஒரே வீட்டில் இருந்தான். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும் என்பது தெருவுக்கே தெரியும். அதில் பாதி அவனால் வந்தது. மீதி, நான் வேலை பார்த்த உரக்கடையின் முதலாளியால் வந்தது.

இரண்டாயிரத்து நாலில் அவன் ஒரு கேபிள் டிவிக்காரரிடம் வேலை பார்த்தான். மஞ்சக்குப்பத்தில் ஒரு வீட்டில் படம் வரவில்லை என்று அவனை அனுப்பினார்கள். போனவன் சாயங்காலமாகியும் திரும்பவில்லை. கடைசியில் அந்த வீட்டம்மாவே போன் செய்தார். "ஒங்க ஆளு ஒயர சரி பண்ணிட்டாரு, ஆனா போவ மாட்டேங்குறாரு. எம் பையன்கூட ஒக்காந்து கார் ஓட்டிக்கினு இருக்காரு." அந்த வீட்டில் டிவியோடு இணைத்து ஆடுகிற ஒரு கறுப்புப் பெட்டி இருந்திருக்கிறது. பிளேஸ்டேஷன் டூ என்று பெயர். என் மச்சானுக்குக் காதல் என்று ஒன்று வந்தது அந்தப் பெட்டியின் மேல்தான்.

அடுத்த வருஷம் பாண்டிச்சேரியிலிருந்து ஒரு பழைய பெட்டியை வாங்கிவந்து எங்கள் வீட்டின் தெருப்பக்க அறையில் வைத்தான். அதுவரை அந்த அறையில் என் ஸ்கூட்டர் நின்றது. அன்றிலிருந்து ஸ்கூட்டர் வெயிலில் நின்றது. நான் குதித்ததற்கு இசைவாணி, "ஸ்கூட்டருக்கு வெயில் ஒன்னும் பண்ணாது, எந் தம்பிக்கு ஒரு வழி பொறக்கட்டும்" என்றாள். சீட் வெடித்துப் பஞ்சு வெளியே வந்தது. அவனுக்கும் வழி பிறந்தது. ஒரு பெட்டி மூன்றானது. பெட்டியை அவன் மிஷின் என்றுதான் சொல்வான், நானும் அப்படியே சொல்கிறேன்.

அவன் கடை நடத்திய விதத்தைப் பார்த்தால் கம்பவுண்டர் மருந்து கொடுக்கிற மாதிரி இருக்கும். உள்ளே வருகிற பையனின் முகத்தைப் பார்ப்பான், எந்த ஆட்டத்தின் தட்டை, அதாவது சி.டி.யை, போடுவது என்று முடிவு செய்துவிடுவான். பள்ளிக்கூடத்தில் அடி வாங்கி வந்தவனுக்கு டெக்கன். அதில் யாரையாவது உதைத்துத் தள்ளினால் சரியாகிவிடுவான். வீட்டில் திட்டு வாங்கி வந்தவனுக்கு வைஸ் சிட்டி, திருடின வண்டியில் ஊரைக் கலக்குவது. பரீட்சை முடிந்த அன்றைக்கு எல்லோருக்கும் மோஸ்ட் வாண்டட், போலீஸ் துரத்தத் துரத்தக் கார் ஓட்டுவது. கிரிக்கெட் கேட்டால் கொடுப்பான், ஆனால் அதை அவன் மதித்ததில்லை. "நம்ம ஆளுங்க பேரெல்லாம் கோணலா போட்டிருக்கான் மாமா, அத எப்படி ஆடுறது?" கால்பந்து ஆட்டத் தட்டில் எழுத்தெல்லாம் ஜப்பானிய எழுத்து. ஒரு பையனுக்கும் ஒரு எழுத்து தெரியாது. மேலிருந்து மூன்றாவது, பிறகு கீழே இரண்டாவது என்று தட்டித் தட்டியே கோப்பை வாங்கினார்கள்.

காட் ஆஃப் வார் என்று ஒரு தட்டு இருந்தது. அது என்ன ஆட்டம் என்று இசைவாணி ஒருநாள் கேட்டாள். "சாமிங்க சண்ட போடுற கதக்கா" என்றான். வெள்ளிக்கிழமை வேறு. அவளும் தலைக்குக் குளித்துவிட்டு வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம்தான், திரையில் துணியில்லாத பெண்கள் வந்துவிட்டார்களாம். எழுந்து வந்து என்னைப் பார்த்து, "நீங்களும் இதப் பாத்திருக்கீங்களா?" என்றாள். நான் பார்க்காத ஒன்றுக்காக அன்று வாங்கிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது. அந்தத் தட்டுக்கு எங்கள் வீட்டில் தடை விழுந்தது.

ஆனால் எல்லா ஆட்டங்களுக்கும் மேலே அவன் வைத்திருந்தது சான் ஆன்ட்ரியாஸ். அதில் ஜெயிக்க வேண்டும் என்றே கட்டாயமில்லை. ஒரு பையன் இருப்பான். அவனை ஊர் சுற்ற விடலாம், சாப்பிட வைக்கலாம், சலூனில் முடி வெட்டலாம், வண்டி ஓட்டலாம். அதிகம் தின்றால் தொப்பை போடுவான், இன்னும் அதிகம் தின்றால் வாந்தியெடுப்பான். நகரத்தைத் தாண்டிப் போனால் வயல்வெளியும் உண்டு. "மாமா, இதுல ஒரு முழு வாழ்க்க இருக்கு" என்பான். உனக்கு அது எப்போது வரும் என்று நான் கேட்பேன். அவன் தட்டைத் துடைக்க ஆரம்பித்துவிடுவான்.

அவனுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. எவன் ஆடினாலும், அவன் எழுந்து போகும்போது ஆட்டத்தைச் சேமித்து வைக்காமல் விடமாட்டான். தீப்பெட்டியை நசுக்கின மாதிரி ஒரு மெமரி கார்டு மிஷினில் சொருகியிருக்கும். ஆடினவன் எங்கே விட்டானோ, என்ன சட்டை போட்டிருந்தானோ, அத்தனையும் அதில் தங்கும். அடுத்த வாரம் வந்தால் விட்ட இடத்திலிருந்து ஆடலாம். "ஒருத்தன் பட்ட பாடு வீணாப் போவக் கூடாது" என்பான். புது மிஷின்கள் வந்து, வசதியான வீட்டுப் பையன்கள் அதற்கு மாறிய பிறகும் அவனுடைய கடைக்குக் கூட்டம் குறையாததற்கு இந்தப் பிடிவாதம்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

கூட்டத்தைக் கெடுத்தது கரண்ட். 'தானே' என்ற புயல் அடித்ததற்கு அடுத்த கோடையில் கரண்ட் இருக்கிற நேரத்தைத்தான் நாங்கள் செய்தியாகச் சொல்லிக்கொண்டோம். முதுநகரில் காலையில் இருக்கும், மதியத்துக்கு மேல் போய்விடும். சிதம்பரத்தில் காலையில் இருக்காது, மதியத்துக்கு மேல் வரும். ஊரே மின்வாரியத்தைத் திட்டிக்கொண்டிருந்தபோது என் மச்சான் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் ஓர் அறையை வாடகைக்குப் பிடித்தான். பழைய டிவி மூன்று வாங்கி அங்கே வைத்தான். மிஷின்? அதுதான் இருக்கிறதே. முதுநகரில் கரண்ட் போனதும் மூன்று மிஷினையும் கழற்றி, துணி சுற்றி, பெரிய ரெக்சின் பையில் போட்டுக்கொண்டு சிதம்பரம் பஸ் ஏறுவான். சாயங்காலம் வரை அங்கே. பிறகு பையோடு வீடு. பஸ்ஸில் பையை மடியில்தான் வைப்பான், கீழே வைக்க மாட்டான். கண்டக்டர்கள் அவனைக் கைக்குழந்தைக்காரன் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

இந்த நேரத்தில்தான் தரகர் ரத்தினம்மாள் காட்டுமன்னார்கோயிலிலிருந்து ஒரு வரன் கொண்டுவந்தார். பெண் அனுப்பிரியா, எம்.எஸ்சி. கணக்கு. அப்பா பொன்னுரங்கம் அரிசி மில் வைத்திருந்தார். ராஜவேல் ரத்தினம்மாளிடம் இரண்டு கடை என்று மட்டும்தான் சொன்னான். ரத்தினம்மாள் அதைப் பெண் வீட்டுக்குக் கொண்டு போகும் வழியில், இரண்டு கடையிலும் மூன்று மூன்று மிஷின், ஆக ஆறு மிஷின் என்று பெருக்கிவிட்டார்.

பெண் பார்க்கப் போனோம். இந்தக் காலத்து வழக்கப்படி இரண்டு பேரையும் கொஞ்ச நேரம் தனியாகப் பேசவிட்டார்கள். வெளியே வந்தவன் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. என்னடா என்றேன்.

"மாமா, அவுங்க எங்கிட்ட ஒன்னே ஒன்னுதான் கேட்டாங்க. சான் ஆன்ட்ரியாஸ்ல பிளேன் ஓட்டுற பரீட்ச பாஸ் பண்ணிட்டீங்களான்னு."

"பண்ணிட்டியா?"

"எங்க மாமா! அது யாராலயும் முடியாது. அவுங்க சித்தி வீட்ல மிஷின் இருக்காம், அவுங்க பாஸ் பண்ணிட்டாங்களாம்." கொஞ்ச தூரம் நடந்துவிட்டு, "இந்தப் பொண்ணு இல்லன்னா எனக்கு வேற யாரும் வேணாம் மாமா" என்றான். அத்தனை வருஷத்தில் மிஷினைத் தவிர வேறெதையும் அவன் வேண்டும் என்று கேட்டு நான் பார்த்ததில்லை. அவன் தோளில் கை போட்டேன். கோபக்காரனும் போடுவான்.

பெண் வீட்டாருக்கும் பிடித்துத்தான் இருந்தது. அடுத்த ஞாயிறு மாப்பிள்ளை வீடு பார்க்க வருகிறோம், அப்படியே இரண்டு கடையையும் பார்த்துவிடுகிறோம் என்று பொன்னுரங்கம் சொல்லி அனுப்பினார். ஆறு மிஷின் கணக்கு எங்களுக்குத் தெரிந்ததே அப்போதுதான். ராஜவேல் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றான். இசைவாணி, "வாயத் தொறந்த, கால ஒடைப்பேன்" என்றாள். திட்டம் போட்டது அவள்தான். காலையில் முதுநகர் கடையைக் காட்டுவது. பிறகு வந்தவர்களை வீட்டில் உட்காரவைத்து, வடை பாயசத்தோடு விருந்து போட்டு நிதானமாகச் சாப்பிடவைப்பது. அந்த நேரத்தில் ராஜவேல் பையோடு பஸ் ஏறிச் சிதம்பரம் போய் மூன்று மிஷினையும் மாட்டிவிடுவான். இலையில் உட்கார்ந்தவன் லேசில் எழமாட்டான் என்பது அவள் கணக்கு.

ஞாயிற்றுக்கிழமை வாடகைக் காரில் மூன்று பேர் வந்தார்கள். பொன்னுரங்கம், அவர் மனைவி தங்கம்மாள், தங்கம்மாளின் தம்பி காத்தவராயன். பெண்ணுக்குத் தாய்மாமன் என்பதால் காத்தவராயன் வார்த்தைக்குத்தான் அந்த வீட்டில் மரியாதை ஜாஸ்தி. நெல் அறுக்கிற மிஷின் ஒன்றைச் சொந்தமாக வைத்து வீராணம் ஏரிப் பாசனம் முழுக்க வாடகைக்கு ஓட்டுகிறவர். வந்ததும் கைகட்டிக்கொண்டு நின்றார். ஏதாவது குறை கண்டுபிடிக்காமல் போகமாட்டேன் என்கிற முகம்.

"இதுல என்னப்பா பண்ணுவாங்க?" என்றார்.

ராஜவேல் வழக்கம்போல முகத்தைப் பார்த்தான், தட்டைத் தேர்ந்தெடுத்தான். சான் ஆன்ட்ரியாஸ். யாரோ ஒரு பையன் வயல்வெளி திறக்கும் வரை ஆடிச் சேமித்திருந்த ஒரு ஆட்டத்தைப் போட்டு, பையனை ஒரு பண்ணைக்குக் கொண்டு போய் நிறுத்தினான். அங்கே நின்றுகொண்டிருந்தது ஒரு நெல் அறுக்கிற மிஷின்.

காத்தவராயனின் கைக்கட்டு அவிழ்ந்தது. "டேய்! நம்ம வண்டிடா!" என்று கத்திக்கொண்டு கீழே உட்கார்ந்தார். அப்புறம் அவரை யாராலும் எழுப்ப முடியவில்லை. வயலில் ஓட்டினார், ரோட்டில் ஓட்டினார், எதிரே வந்த கார்மேலெல்லாம் ஏற்றினார். நிஜத்தில் ஒரு கோழியைக்கூட மோதாத மனுஷனாம், தங்கம்மாள் சொன்னார். நடுவில் பையனைச் சலூனுக்குக் கூட்டிப்போய், மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் முடி இறக்கின மாதிரி மொட்டை போட்டு, மீசை மட்டும் வைக்கச் சொன்னார். கடை கடையாகத் தின்ன வைத்துத் தொப்பையும் போட வைத்தார். "இப்பதான் பாக்க மனுஷன் மாரி இருக்கான்" என்றார். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம் பொங்கியது. தாய்மாமன் விழுந்துவிட்டார்.

கரண்ட் போகும் நேரம் நெருங்கியதால் ராஜவேல் பக்குவமாகச் சொல்லி ஆட்டத்தை நிறுத்தினான். பழக்க தோஷம், பழையதன் மேலேயே சேமித்தும் வைத்தான்.

"வாங்க, சாப்ட்டுட்டுப் போலாம். எல எல்லாம் போட்டாச்சி" என்றாள் இசைவாணி.

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தங்கம்மாள் தயங்கிக்கொண்டே, "தப்பா எடுத்துக்காதம்மா. சம்மந்தம் முடிவாவறதுக்கு முன்னாடி நாங்க மாப்ள வீட்ல கை நனைக்கறதில்ல" என்றார்.

இசைவாணி என்னைப் பார்த்தாள், நான் ராஜவேலைப் பார்த்தேன். இது எங்கள் பக்கத்திலும் இருக்கிற வழக்கம்தான். அந்த வீட்டுச் சோறு உள்ளே போய்விட்டால் சம்மதம் என்று அர்த்தம், பிறகு பின்வாங்கினால் ஊர் சிரிக்கும். எத்தனை கல்யாணத்துக்கு நாங்களே இப்படிப் பச்சைத் தண்ணீரோடு திரும்பியிருக்கிறோம். மிஷினைப் பற்றியே யோசித்ததில் மூன்று பேருக்கும் அது புத்தியில் உறைக்கவில்லை.

அவர்களே காப்பாற்றினார்கள். வழியில் ஒரு ஹோட்டலில் சாப்பிட்டுவிட்டுச் சிதம்பரம் போகலாம் என்றார் பொன்னுரங்கம். ராஜவேல், "நா முன்னாடி போய்க் கடயத் தொறந்து வைக்கறேன்" என்று நழுவி, அவர்கள் காருக்கு நடந்ததும் மூன்று மிஷினையும் பையில் போட்டான். இசைவாணிக்கு வந்த கோபத்தில், ஆக்கின சோறு, சாம்பார், வடை, பாயசம் எல்லாவற்றையும் பெரிய கேரியரில் அடைத்து அவன் கையில் திணித்தாள். "அங்கனயாவது எவனாவது துன்னட்டும்." ஒரு கையில் பை, ஒரு கையில் கேரியர். பஸ் ஸ்டாப்புக்கு ஓடினான். வழி காட்ட நான் அவர்களோடு காரில் போனேன். ஹோட்டலில் அவர்கள் மூன்று பேரும் முழுச் சாப்பாடு சாப்பிட்டார்கள். முறை என்றால் இரண்டு பக்கமும் முறைதானே? நானும் அவர்கள் காசில் கை நனைக்காமல் எதிரே உட்கார்ந்து தண்ணீர் குடித்தேன். அப்பளம் நொறுங்குகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மூன்று டிவியிலும் படம் ஓடிக்கொண்டிருந்தது. ராஜவேலின் சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. பொன்னுரங்கம் சுற்றிப் பார்த்துவிட்டு, "அங்க மூணு, இங்க மூணு. சொன்ன மாரியே இருக்கு" என்றார். தங்கம்மாள் பையிலிருந்து வெற்றிலையை எடுத்தார். இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தால் அங்கேயே முடிந்திருக்கும்.

"யப்பா, அந்த அறுப்பு மிஷின் ஆட்டம் இங்க இருக்கா?" என்றார் காத்தவராயன்.

ராஜவேல் கிரிக்கெட் போட்டுக் காட்டினான். வேண்டாம் என்றார். கார் ஓட்டும் ஆட்டம் காட்டினான். "எனக்கு நம்ம வண்டிதான் வேணும்" என்று சின்னப் பிள்ளை மாதிரி நின்றார். வயல்வெளி திறந்திருந்த ஆட்டம் அவனிடம் இருந்தது காலையில் சேமித்த அது ஒன்றுதான். புதிதாக ஆரம்பித்தால் கிராமத்துப் பக்கமே விடமாட்டான். ராஜவேல் என்னைப் பார்த்தான். நான் தலையை வேகமாக ஆட்டினேன், வேண்டாம் என்று. ஆனால் வந்தவன் கேட்டதைக் கொடுக்காமல் அனுப்பி அவனுக்குப் பழக்கமே இல்லை. போட்டுவிட்டான்.

திரையில் வந்து நின்றான் ஒருவன். மொட்டைத் தலை. மீசை. தொப்பை.

காத்தவராயன் முகமெல்லாம் பல். "அட, நம்ம பையன்! இவன் எப்பட்றா இங்க வந்தான்? அக்கா, பாருக்கா, நாம மொட்ட போட்ட பையன்!"

அந்த மனுஷனுக்கு அதில் சந்தோஷம்தான். பழைய நண்பனைப் பார்த்த மாதிரி ஜாய்ஸ்டிக்கை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பொன்னுரங்கம் அப்படி இல்லை, மில் நடத்துகிறவர். மிஷினைப் பார்த்தார். சுவரோரம் வாய் திறந்து கிடந்த ரெக்சின் பையைப் பார்த்தார். பிறகு ராஜவேலிடம் வந்தார்.

"தம்பி, கட ரெண்டு. மிஷின் எத்தன?"

நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். சிங்கப்பூர், கம்ப்யூட்டர், நெட் என்று எதையாவது கலந்து அடித்துவிடலாம் என்றிருந்தேன். ராஜவேல் என் கையைப் பிடித்து நிறுத்தினான்.

"மூணுதாங்க. கரண்ட் எங்க இருக்கோ அங்க எடுத்துக்கினு போவேன். ஆறுன்னு நா சொல்லல. ஆனா மூணுன்னும் சொல்லாம இருந்துட்டேன். ஒங்க பொண்ணப் பாத்ததுக்கு அப்புறம் சொல்ல பயமா இருந்துச்சி."

பொன்னுரங்கம் கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும், நானும் கத்தியிருப்பேன். அவர் மெதுவாக, "சரி தம்பி. வீட்ல கலந்துக்கினு சொல்றோம்" என்றார். கலந்துகொண்டு சொல்கிறோம் என்றால் என்னவென்று எங்களுக்குத் தெரியாதா? எத்தனை பேர் சொல்லிவிட்டார்கள். தங்கம்மாள் வெற்றிலையைத் திரும்பப் பைக்குள் வைத்தார். டிரைவர் டீ குடிக்கப் போயிருந்தான், அவனைத் தேடிக்கொண்டு இரண்டு பேரும் வெளியே போனார்கள்.

ராஜவேல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். அழவில்லை, ஆனால் அழுதிருக்கலாம் என்று தோன்றியது. எனக்கு அவன்மேல் பாவமாகவும், ரத்தினம்மாள்மேல் ஆத்திரமாகவும், வயிற்றில் அகோரப் பசியாகவும் இருந்தது. மூன்றில் ஒன்றையாவது தீர்க்கலாம் என்று கேரியரைத் திறந்தேன்.

சாம்பார் வாசனை அறை முழுக்க அடித்தது. காத்தவராயன் கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல் மூக்கை மட்டும் என் பக்கம் திருப்பினார். "இன்னா அது, வடையா? அந்த ஓட்டல்ல சோறு வெறும் சுண்ணாம்புங்க. கையெடுக்க முடியல, போலீஸ்காரன் தொரத்துறான். வாயில ஒன்னு வைங்களேன்."

நான் ராஜவேலைப் பார்க்கவில்லை. பார்த்தால் தடுப்பான். ஒரு வடையை அவர் வாயில் வைத்தேன். மென்றுகொண்டே திரையில் மலையிறங்கினார். இரண்டாவது வடை. அப்புறம் சாதத்தைச் சாம்பாரில் பிசைந்து, உருண்டையாக உருட்டி, என் மகளுக்கு ஒருநாளும் ஊட்டாத பொறுமையோடு ஊட்டினேன். வாயைத் திறந்து திறந்து காட்டினார். பாயசத்தையும் டம்ளரோடு பிடித்துக் குடிக்க வைத்தேன். "யாரு சமையலுங்க? அருமை!" என்றார்.

"எம் பொண்டாட்டிதாங்க. மாப்ளயோட அக்கா" என்றேன்.

அந்த நேரம் பார்த்துப் பொன்னுரங்கமும் தங்கம்மாளும் உள்ளே வந்தார்கள். நான் கடைசி உருண்டையைக் கையில் வைத்திருந்தேன். காத்தவராயன் வாயைத் திறந்து வைத்திருந்தார்.

"டேய்!" என்றார் பொன்னுரங்கம். "தாய்மாமன்டா நீ! என்ன காரியம் பண்ணிட்ட?"

"இது வீடு இல்லயே, கடதானே?" என்றார் தங்கம்மாள் அவசரமாக.

"கடதான். ஆக்குனது வீட்ல" என்றேன் நான்.

"அவன் கையே நனையலயே, நீங்கதான ஊட்னீங்க?"

"உப்பு உள்ள போச்சிங்களே!"

காத்தவராயனுக்கு அப்போதும் புரியவில்லை. "யக்கா, கொஞ்சம் சத்தம் போடாம இருங்க, கடல் வந்துருச்சி" என்றார். பொன்னுரங்கம் தலையில் கைவைத்துக்கொண்டார். முறை தவறாத மனுஷன். தாய்மாமன் வயிறு நிறையச் சாப்பிட்ட சம்பந்தத்தை எப்படி முறிப்பது என்று அவர் திணறுவது தெரிந்தது. ஜெயித்துவிட்டோம் என்று கடைசி உருண்டையை என் வாயில் போட்டுக்கொண்டேன்.

ராஜவேல்தான் எழுந்தான். "வேணாங்க" என்றான்.

"நீ சும்மா இருடா" என்றேன்.

"இல்ல மாமா. எம் மாமா பண்ணது தப்புங்க. சோத்த ஊட்டிப் பொண்ணு கட்டுனேன்னு இருக்க வேணாம். அவுங்க நம்பர் குடுங்க. நானே உள்ளத சொல்லிடறேன். அவுங்க வேணாம்னா வேணாம்." எனக்கு அவனை அறைய வேண்டும் போல இருந்தது. பெருமையாகவும் இருந்தது.

பொன்னுரங்கம் தன் போனிலேயே மகள் நம்பரைப் போட்டுக் கொடுத்தார். "ஸ்பீக்கர்ல போடு. எல்லாரும் கேக்கறோம்."

மணி அடித்தது. "சொல்லுப்பா" என்றது அனுப்பிரியாவின் குரல்.

"நா ராஜவேல் பேசறேங்க. ஒங்க அப்பா போன்தான். எங்கிட்ட ஆறு மிஷின் இல்லங்க. மூணுதான். அதத்தான் ரெண்டு ஊருக்கும் பஸ்ல தூக்கிக்கினு அலையறேன். எங்க மாமா வேற ஒங்க மாமாவுக்கு ஏமாத்தி சோறு ஊட்டிட்டாரு. அதுக்காவ நீங்க ஒத்துக்கணும்னு இல்ல. நீங்க சொல்றதுதான்."

அந்தப் பக்கம் சிரிப்பு வந்தது, அடக்கி அடக்கிச் சிரிக்கிற சிரிப்பு.

"மாமாவுக்கு ஊட்டுனாங்களா? ஐயோ!" சிரிப்பு ஓய நேரமானது. அப்புறம் குரல் தணிந்தது. "நானும் ஒன்னு சொல்லணுங்க. அப்பா பக்கத்துல இல்லயே? எம்.எஸ்சி. முடிச்சிட்டேன்னு எங்கப்பா சொன்னாருல்ல? இன்னும் ரெண்டு பேப்பர் அரியர் நிக்குது. வீட்ல யாருக்கும் தெரியாது. ஒங்ககிட்ட மறச்சிக் கட்டிக்கக் கூடாதுன்னு ஒரு வாரமா தூங்கல. நீங்க முந்திக்கிட்டீங்க. எனக்கு மூணு மிஷின் போதும். ஒங்களுக்கு ரெண்டு அரியர் பரவால்லயா?"

"பரவால்லங்க" என்றான் ராஜவேல். "பரவால்லங்க, பரவால்லங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தான்.

காத்தவராயன் அன்றைக்கு முதல் தடவையாகத் தானே ஆட்டத்தை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். தங்கம்மாள் வாயில் கைவைத்திருந்தார். பொன்னுரங்கம் ராஜவேலின் கையிலிருந்து போனை வாங்கினார்.

"அனு, அப்பா பேசறேன்."

"ஐயோ, அப்பா! எல்லாத்தயும் கேட்டுட்டியா?" என்றாள்.

"அந்த ரெண்டு பேப்பர் எப்ப எழுதுவ?"

"டிசம்பர்ல... டிசம்பர்லப்பா."

"ஒழுங்கா எழுதி முடி" என்றார் பொன்னுரங்கம். "கல்யாணத்தத் தையில வச்சிக்கலாம்."